விளக்கு மினுக்குகிறதா? எந்தெந்த விளக்கு என்று முதலில் எழுதி வையுங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான்: இரண்டு மாதமாக ஹாலில் இரண்டு விளக்குகளும் அதையடுத்த படுக்கையறையில் ஒன்றும் மினுக்குகின்றன, மாலையில் அதிகம், பல்பை இரண்டு தடவை மாற்றியும் நிற்கவில்லை, சமையலறை விளக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பிக்கும்போது மட்டும் வீட்டில் எல்லா விளக்குகளும் ஒரு கணம் மங்குகின்றன. கோளாறு பல்பிலா, வயரிலா, வெளியிலிருந்து வரும் லைனிலா, பயப்பட வேண்டியதா?

இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன, அவற்றை முதலில் பிரித்துவிடுவோம். ஃப்ரிட்ஜ் கிளம்பும்போது ஒரே ஒரு தடவை மங்குவது வேறு, மூன்று விளக்குகள் மட்டும் காரணமே தெரியாமல் துடிப்பது வேறு. முதலாவது பெரும்பாலும் இயல்பானது. இரண்டாவது எனக்குக் கவலை தருகிறது, ஏனென்றால் பல்பு மாற்றியும் நிற்காமல் பக்கத்துப் பக்கத்து விளக்குகள் சேர்ந்து மினுக்கினால் அவை மூன்றுக்கும் பொதுவான ஒரு ஜாயின்ட் எங்கோ தளர்ந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும்.

பலரும் மினுக்கும் விளக்கையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது வேண்டாம். எந்தெந்த விளக்குகள் சேர்ந்து மினுக்குகின்றன, எவை அசையாமல் எரிகின்றன என்ற இரண்டும் தெரிந்தால் கோளாறு எங்கே இருக்கிறது என்பது பாதி தெரிந்த மாதிரி. ஒரே ஒரு விளக்கு என்றால் பல்பு, ஹோல்டர், அதன் ஸ்விட்ச். ஒரு பகுதி மட்டும் என்றால் அந்த சர்க்யூட்டின் வயரிங் அல்லது அதன் எம்சிபி (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்). வீடு முழுக்க என்றால் மெயின், மீட்டர், வெளி லைன். பக்கத்து வீட்டிலும் அதே நேரத்தில் மினுக்கினால் உங்கள் வீட்டில் எதையும் கழற்ற வேண்டாம், கோளாறு தெருவில் இருக்கிறது. இரண்டு மூன்று நாள் ஒரு தாளில் குறித்து வையுங்கள்: எத்தனை மணி, எந்த விளக்கு, அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, காற்றோ மழையோ இருந்ததா. காற்று அடிக்கும்போது மட்டும் வீடு முழுக்க மினுக்குகிறது என்று ஒரு வரி அந்தத் தாளில் இருந்தால், கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயரின் இணைப்பு ஆடுகிறது என்று ஊகித்துவிடலாம்.

ஒரே விளக்கு மினுக்கும் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மினுக்கும் பல்பை நன்றாக எரியும் இடத்தில் போடுங்கள், அங்கே இருந்ததை இங்கே போடுங்கள். மினுக்கல் பல்போடு கூடவே போனால் பல்பு கெட்டது. இடத்திலேயே நின்றால் ஹோல்டர் அல்லது ஸ்விட்ச். ஹோல்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங் பின்கள் சூட்டில் வலுவிழந்து உள்ளே போய்விடும், திருகு வகை ஹோல்டரில் நடுவில் இருக்கும் தகடு அமுங்கிப்போய்விடும். அதை நிமிர்த்திப் பார்க்கலாம், ஆனால் மெயினை அணைத்த பிறகுதான். கறுத்திருந்தாலோ பின் தானாக எழாவிட்டாலோ புதிதாக மாற்றிவிடுங்கள். ஸ்விட்சைப் போடும்போது ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வந்தாலோ, மேல் தகடு வெதுவெதுப்பாக இருந்தாலோ அதையும் மாற்ற வேண்டியதுதான். ஸ்விட்சுக்குள் எறும்பு கூடு கட்டுவதும் நடக்கிற காரியம்தான், முனைகளுக்கு நடுவில் மண்ணும் எறும்பும் சிக்கினால் சரியாகத் தொடாது. பழைய டியூப் லைட்டாக இருந்தால் ஸ்டார்டரை மாற்றிப் பாருங்கள், இரண்டு முனையும் கறுத்திருந்தால் டியூபின் ஆயுள் முடிந்துவிட்டது.

எல்இடி பல்பு விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நன்றாக எரியும், திடீரென அணையும், சில விநாடியில் மறுபடி எரியும், மறுபடி அணையும், கடிகாரம் வைத்த மாதிரி ஒழுங்காக இது நடக்கும். இப்படி ஒன்றை மூடியைக் கழற்றிப் பார்த்தேன். வெள்ளைத் தட்டில் வட்டமாக மஞ்சள் சதுரங்கள், அவற்றில் ஒன்றின் நடுவில் மட்டும் குண்டூசித் தலையளவு கறுப்புப் புள்ளி. அந்தச் சதுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டவை, அதனால் ஒன்று விட்டால் எல்லாம் அணையும். சூடானதும் அந்தச் சில்லுக்குள் இருக்கும் மெல்லிய இணைப்பு விலகுகிறது, ஆறியதும் மறுபடி தொடுகிறது, அவ்வளவுதான் விஷயம். வயரிங்கோடு இதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, பல்பை மாற்றினால் போதும். இன்னொரு வகை, பல்பின் அடிப்பகுதியில் எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் என்ற சின்ன சர்க்யூட் உண்டு, அதில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் சூட்டில் காய்ந்துபோவது. அப்போது வெளிச்சம் ஒரு நடுக்கத்தோடு எரியும். காற்றே போகாத மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் எல்இடி பல்பைப் போட்டால் இந்த இரண்டும் சீக்கிரம் வரும். ஒரே இடத்தில் பல்பு அடிக்கடி சாகிறது என்றால் கூண்டைத் திறந்துவைத்துப் பாருங்கள்.

ஸ்விட்சை அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக எரிவதும், சில விநாடிக்கு ஒரு முறை பளிச்சென்று மின்னுவதும் பலரைப் பயமுறுத்துகிறது. ஸ்விட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் வழியாகக் கொஞ்சூண்டு மின்சாரம் கசிந்து டிரைவரின் கெப்பாசிட்டரை மெல்ல மெல்ல நிரப்பும், நிரம்பியதும் பல்பு ஒரு முறை மின்னும். பக்கத்தில் நீளமாக ஓடும் இன்னொரு வயரிலிருந்தும் இப்படிச் சிறிதளவு மின்சாரம் தொற்றும். இதில் ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் ஒன்றை மட்டும் சரிபார்க்கச் சொல்லுங்கள்: ஸ்விட்ச் ஃபேஸை (மின்சாரம் வரும் வயர்) வெட்டுகிறதா, நியூட்ரலை (அது திரும்பிப் போகும் வயர்) வெட்டுகிறதா? நியூட்ரலை வெட்டினால் அணைத்த பிறகும் ஹோல்டரில் முழு மின்சாரம் நிற்கும், பல்பு மாற்றும் கைக்கு அது ஆபத்து.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகியுங்கள். பழைய டிம்மர்கள் குண்டு பல்புக்காகச் செய்தவை, ஒழுங்காக வேலை செய்யவே 40 வாட்டோ 60 வாட்டோ குறைந்தபட்ச லோடு கேட்பவை இருக்கின்றன. அதில் 7 வாட் எல்இடி ஒன்றை மாட்டினால் அது தடுமாறும், விளக்கும் தடுமாறும். டிம் செய்யலாம் என்று பெட்டியில் போட்டிருக்கும் பல்பும் எல்இடிக்கான டிம்மரும் சேர்ந்தால்தான் சரியாக வரும்.

கண்ணுக்கே தெரியாத துடிப்பும் ஒன்று உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும், 60 ஹெர்ட்ஸில் 120 முறை. குண்டு பல்பின் இழை அதற்குள் ஆறிவிடாது, அதனால் அந்த ஏற்ற இறக்கம் சிறிதாகவே இருக்கும். மலிவான எல்இடியில் நன்றாகவே ஏறி இறங்கும். போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்துப் பாருங்கள், அல்லது அந்த வெளிச்சத்தில் ஒரு பேனாவை வேகமாக ஆட்டிப் பாருங்கள். பேனா ஒரே மங்கலாகத் தெரியாமல் விசிறி மாதிரி தனித்தனிப் பேனாவாகத் தெரிந்தால் துடிப்பு அதிகம். சிலருக்கு அந்த வெளிச்சத்தில் நெடுநேரம் படித்தால் கண்வலி, தலைவலி வரும். இதுவும் வயரிங் கோளாறு இல்லை, நல்ல டிரைவர் உள்ள பல்பு போட்டால் தீரும். ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி மெதுவாகத் துடிப்பது வேறு. வெளிச்சம் பட்டால் வலிப்பு வரக்கூடியவர்கள் வீட்டில் இருந்தால் அந்த விளக்கைச் சரிசெய்யும்வரை அணைத்தே வையுங்கள். விநாடிக்கு 3 முதல் 30 வரையான துடிப்புதான் அவர்களுக்கு அதிகம் ஆபத்தானது.

சரி, இனி உங்கள் விஷயத்துக்கு வருவோம். வீட்டு வயரிங்கை ஒரு சங்கிலியாக நினைத்துக்கொள்ளுங்கள். எம்சிபிகள் வரிசையாக இருக்கும் டிபி பாக்ஸிலிருந்து கிளம்பும் வயர் முதலில் ஒரு இடத்துக்குப் போகும், அங்கே ஒரு ஜாயின்ட், அங்கிருந்து அடுத்த இடம், அங்கே இன்னொரு ஜாயின்ட். ஃபேஸைக் கவனமாகக் கொண்டுபோகும் சிலர்கூட நியூட்ரலை ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னாலும் கூரைப் பெட்டிக்குள்ளும் முறுக்கி டேப் சுற்றி விட்டுவிடுவார்கள். சமையலறை நன்றாக எரிகிறது, ஹாலும் படுக்கையறையும் மினுக்குகின்றன என்றால், இவை எல்லாம் ஒரே எம்சிபியில் இருக்கும் பட்சத்தில், தேட வேண்டிய இடம் நன்றாக எரியும் கடைசி விளக்குக்கும் மினுக்கும் முதல் விளக்குக்கும் நடுவில். அந்த இரண்டு பெட்டிகளையும் திறந்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஹாலும் படுக்கையறையும் தனி எம்சிபியில் இருந்தால் அந்த எம்சிபியின் டெர்மினலையும் நியூட்ரல் வயர்கள் எல்லாம் வந்து சேரும் நியூட்ரல் பாரில் அதற்குரிய ஸ்க்ரூவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எந்த எம்சிபியை இறக்கினால் எந்த விளக்கு அணைகிறது என்று ஒரு முறை பார்த்து எழுதிவிட்டால் இது எல்லாம் தெளிவாகிவிடும், ஐந்து நிமிட வேலை.

தெரிந்த ஒரு வீட்டில் இதே மாதிரி இரண்டு அறைகள் பல மாதம் மினுக்கின. மெயினை அணைத்துவிட்டு மூன்றாவதாகத் திறந்த போர்டில் கிடைத்தது. டேப் கல் மாதிரி இறுகியிருந்தது, பிரித்ததும் உள்ளே நியூட்ரல் வயரின் பிளாஸ்டிக் உறை பழுப்பாகி, விரல் பட்டதும் காய்ந்த இலை மாதிரி நொறுங்கி விழுந்தது. செம்பு பளபளப்பே இல்லாமல் கறுத்திருந்தது. பக்கத்து டெர்மினலில் இன்னொன்று: ஸ்க்ரூ செம்பைப் பிடிக்காமல் உறையின் மேலேயே இறங்கியிருந்தது, உள்ளே இரண்டு மூன்று இழைகள் மட்டும்தான் தொட்டுக்கொண்டிருந்தன. வெளியே சுவரில் ஒரு கறையும் இல்லை. அந்த வீட்டில் எம்சிபி ஒரு தடவைகூட விழவில்லை.

எம்சிபி விழவில்லையே, அப்படியானால் பெரிய கோளாறு இருக்காது என்று நினைப்பது ஆபத்தானது. எம்சிபி மின்சாரம் அளவுக்கு மீறினால்தான் விழும், ஆர்சிசிபி என்ற கசிவுப் பாதுகாப்பு ஸ்விட்ச் மின்சாரம் எர்த்துக்குக் கசிந்தால்தான் விழும். தளர்ந்த ஜாயின்டில் இரண்டுமே நடப்பதில்லை. மின்சாரம் கூடுவதற்குப் பதில் குறையத்தான் செய்யும். ஒரு கணக்கு சொல்கிறேன். தளர்ந்த ஜாயின்டின் தடை வெறும் அரை ஓம் என்று வையுங்கள். அதன் வழியாக 10 ஆம்பியர் போனால் அங்கே 5 வோல்ட் விழும், 50 வாட் சூடு உண்டாகும். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு வைத்திருக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான், ஈயத்தை உருக்க அதுவே போதும். அதைப்போல் இரண்டு மடங்கு சூடு சுவருக்குள் பிளாஸ்டிக்குக்கு நடுவே ஒரு ஸ்க்ரூ முனையில் உட்கார்ந்திருக்கிறது, எந்தப் பாதுகாப்புக் கருவிக்கும் அது தெரியாது. தளர்ந்த ஜாயின்டில் பறக்கும் தீப்பொறியைக் கண்டுபிடிக்கவே செய்த ஆர்க் ஃபால்ட் பிரேக்கர் தனியாக உண்டு, ஆனால் அது எல்லா வீடுகளிலும் இருப்பதில்லை. உங்கள் மூன்று எல்இடி விளக்குகள் இழுப்பது மிகக் குறைவு, அவற்றால் மட்டும் அவ்வளவு சூடு வராது. அதே ஜாயின்ட் வழியாக அயர்ன் பாக்ஸோ ஹீட்டரோ போகும் சாக்கெட்டும் தொடர்கிறது என்றால்தான் இந்தக் கணக்கு உண்மையாகிறது. அதனால் கண்டுபிடிக்கும்வரை அந்தப் பகுதி சாக்கெட்டுகளில் பெரிய லோடு எதையும் போடாதீர்கள். மாலையில் அதிகமாக மினுக்குவதும் இதோடு பொருந்துகிறது: மாலையில்தான் விளக்கு, ஃபேன், டிவி எல்லாம் சேர்ந்து ஓடுகின்றன, ஜாயின்ட் சூடாகிறது, விரிகிறது, ஆறும்போது சுருங்குகிறது, ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் தளர்கிறது.

எங்கேயாவது அலுமினிய வயரும் செம்பு வயரும் நேராக முறுக்கப்பட்டிருந்தால் அந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சந்தேகிக்கலாம். அலுமினியம் ஸ்க்ரூவின் அழுத்தத்தில் நாளடைவில் நகர்ந்து கொடுத்துவிடும், அதன் மேல் படியும் ஆக்ஸைடு மின்சாரத்தைக் கடத்தாது. அதற்கென்று உள்ள கனெக்டர் போட்டுத்தான் இணைக்க வேண்டும்.

இனி ஃப்ரிட்ஜ் விஷயம். மோட்டார், கம்ப்ரசர் எதுவானாலும் கிளம்பும் நொடியில் வழக்கமாக இழுப்பதைவிட ஐந்து முதல் ஏழு மடங்கு வரை இழுக்கும். அந்த நொடியில் வயரில் வோல்டேஜ் கொஞ்சம் விழும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரின் தடை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 12 ஓம்; டிபியிலிருந்து 20 மீட்டர் தள்ளி இருக்கும் சாக்கெட்டுக்குப் போக வர 40 மீட்டர், அதாவது அரை ஓமுக்குப் பக்கம். 10 ஆம்பியருக்கு 5 வோல்ட் போய்விடும், வயரில் எந்தக் கோளாறும் இல்லாமலே. குண்டு பல்பில் இது நன்றாகத் தெரியும், வோல்டேஜ் 5 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 16 சதவீதம் அளவுக்குக் குறையும். நல்ல எல்இடி டிரைவர் இதைக் காட்டாமலே சமாளித்துவிடும். ஒரு கணம் மங்கி உடனே நிமிர்ந்தால் விட்டுவிடலாம். ஃப்ரிட்ஜ் ஓடும் நேரம் முழுக்க மங்கலாகவே இருந்தாலோ, முன்பு இல்லாமல் இப்போதுதான் இது ஆரம்பித்திருந்தாலோ அளந்து பார்க்க வேண்டும்.

அளப்பது கஷ்டமில்லை, நல்ல மல்டிமீட்டர் இருந்து அதைப் பயன்படுத்தத் தெரிந்தால் போதும். சாக்கெட்டில் லோடு இல்லாதபோது வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள், 230 என்று வையுங்கள். அதே சர்க்யூட்டில் வேறொரு சாக்கெட்டில் 2000 வாட் ஹீட்டரைப் போடுங்கள், ஏறக்குறைய 8.7 ஆம்பியர் போகும். இரண்டு மூன்று வோல்ட் குறைந்தால் நல்லது. 10, 12 வோல்ட் என்று விழுந்தால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. உடனே ஹீட்டரை அணைத்துவிடுங்கள். இந்தச் சோதனையை ஏற்கனவே மினுக்கும் சர்க்யூட்டில் நீங்களாகச் செய்ய வேண்டாம், சூடாகும் ஜாயின்டை இன்னும் சூடாக்குவதாகிவிடும். எலக்ட்ரீஷியனை வைத்து டிபியிலும் அதே நேரத்தில் அளக்கச் சொல்லுங்கள். டிபியிலும் அதே அளவு விழுந்தால் கோளாறு மீட்டர் பக்கம் அல்லது வெளியே. டிபியில் நிலையாக நின்றால் வீட்டுக்குள்.

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமானது. சில விளக்குகள் மங்கும் அதே நேரத்தில் வேறு சில வழக்கத்தைவிடப் பளீரென்று எரிந்தால், மீதியைப் படிக்காமல் போய் மெயினை அணையுங்கள். அது பொது நியூட்ரல் விட்டுப்போகும் அடையாளம். மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் அறுந்தால் வேறு வேறு ஃபேஸில் இருக்கும் லோடுகள் இரண்டும் 400 வோல்டுக்கு நடுவில் தொடராக மாட்டிக்கொள்ளும். குறைவாக இழுக்கும் பக்கத்துக்கு 230ஐத் தாண்டி வெகுவாக ஏறும். டிவி, ஃப்ரிட்ஜ், சார்ஜர் எல்லாம் சில விநாடியில் போய்விடும். சில நாடுகளில் 120, 240 என்று இரண்டு வோல்டேஜ் வரும் வீடுகளிலும் இதே கதைதான். ஒற்றை ஃபேஸ் மட்டும் வரும் வீட்டில், வீட்டுக்கு வரும் நியூட்ரலே விட்டுப்போனால் எல்லாம் அணைந்துவிடும், ஆனால் சாக்கெட்டின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரியும். மின்சாரம் போய்விட்டது என்று நம்பி யாரும் அப்போது வயரைத் தொட்டுவிடக் கூடாது, நியூட்ரல் வயரிலும் முழு வோல்டேஜ் நிற்கும். மெயினை அணைத்துவிட்டு மின்விநியோக அலுவலகத்துக்கு அவசரம் என்று சொல்லுங்கள்.

சுவர் அல்லது ஸ்விட்ச் தகடு சூடு, பழுப்புக் கறை, டிபி பாக்ஸிலிருந்து ‘கிர்ர்’ சத்தம், காரணமில்லாமல் கருகிய நாற்றமோ மீன் நாற்றமோ, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த சர்க்யூட்டை இறக்கிவிட்டு அன்றைக்கே ஆளை வரவழையுங்கள். மீன் நாற்றம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை, ஸ்விட்ச், சாக்கெட் பிளாஸ்டிக்குகள் சில சூடேறினால் அப்படித்தான் நாறும்.

நீங்களே திறந்து பார்ப்பதாக இருந்தால் டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கும் என்று தெரிந்த இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள், பிறகு மெயினை அணைத்து வேலை செய்யும் இடத்தில் வையுங்கள், பிறகு டெஸ்டர் இன்னும் வேலை செய்கிறதா என்று மறுபடி மின்சாரம் உள்ள இன்னொரு இடத்தில் வைத்துப் பாருங்கள்; மெயினுக்கு வரும் பக்கத்தில் சோதிப்பதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். கெட்டுப்போன டெஸ்டரும் எரியாது, மின்சாரம் இல்லாத வயரிலும் எரியாது, இரண்டையும் குழப்பிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. மீட்டரிலிருந்து மெயினுக்கு வரும் வயரில் மெயினை அணைத்த பிறகும் மின்சாரம் இருக்கும், சீலை உடைத்து அதற்குள் போகவே வேண்டாம்.

எலக்ட்ரீஷியன் வந்ததும் ‘லைட் மினுக்குது’ என்று மட்டும் சொன்னால் அவர் பல்பை மாற்றிவிட்டுப் போய்விடக்கூடும். அந்தத் தாளைக் கையில் கொடுங்கள். சமையலறை விளக்குப் பெட்டிக்கும் ஹால் போர்டுக்கும் நடுவில் உள்ள ஜாயின்டுகளைத் திறந்து பார்க்க வேண்டும், நியூட்ரலைக் குறிப்பாகப் பார்க்க வேண்டும், டிபியில் எல்லா ஸ்க்ரூவையும் இறுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். கறுத்த முனையை அப்படியே இறுக்க விடாதீர்கள். நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, புதிதாகச் சீவி, டேப் முறுக்கலுக்குப் பதில் கனெக்டர் போட்டு இணைக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்து ஒரு மணி நேரம் விளக்கும் ஃபேனும் டிவியும் ஓடட்டும், அப்புறம் அந்த போர்டின் தகட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள சுவரைப் போலவே குளிர்ந்திருந்தால் சரியாகிவிட்டது. வெதுவெதுப்பு தெரிந்தால் அவர் கிளம்புவதற்கு முன்பே மறுபடி திறக்கச் சொல்லுங்கள்.